வரைபடம் ஊர் வந்து சேருமா? ஒரு திறனாய்வு

நிலத்தை அளந்து படமாக்கும் கலை தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்தியப் பெரு முக்கோண அளவையைத் தொடங்கினார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 2022 டிசம்பரில், நடுவண் அரசு தேசியப் புவிசார் கொள்கையை அறிவித்தது. ஊர்ப்புறத்தையும் நகர்ப்புறத்தையும் 5 முதல் 10 செ.மீ. நுண்மையில் 2030-க்குள் படமாக்கிவிட வேண்டும் என்பது அதன் இலக்குகளுள் ஒன்று. அதற்கு முன்பே, 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள், இந்தியர்கள் வரைபடச் செய்திகளைத் திரட்டவும் வெளியிடவும் முன் அனுமதி பெற வேண்டும் என்ற தடையை நீக்கிவிட்டன. இவை இரண்டும் பாராட்டத்தக்கவை.

ஆனால் உத்திரமேரூர் போன்ற ஒரு வட்டத்தில் வாழ்பவர் கேட்கும் கேள்வி வேறு. படம் எத்துணை நுண்மையானது என்பதோடு, அது தம் ஊருக்கு வந்து சேர்கிறதா, சேர்ந்தால் பிழையின்றிச் சேர்கிறதா என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். கொள்கையின் இலக்குகள் நிலத்தின் நுண்மையைச் செ.மீ. கணக்கில் சொல்கின்றன. ஒரு கிராமத்தின் படம் அக்கிராமத்தில் எத்தனை நொடியில் திறக்க வேண்டும் என்று ஓர் அளவையும் அவை வைக்கவில்லை. அளக்கப்படாத ஒன்று கவனிக்கப்படுவதில்லை என்பது இயற்பியல் மாணவர் யாவரும் அறிந்ததே. இக்குறையை வரைபடச் செய்திகளின் சுருக்கம், அச்சுருக்கத்தைச் சரிபார்த்தல் ஆகிய இரு கோணங்களில் இக்கட்டுரை ஆராய்கிறது.

எத்தனை செய்தி?

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கி.மீ. நிலத்தை 10 செ.மீ. நுண்மையில் படம் பிடித்தால், ஒரு பக்கத்திற்கு 10,000 புள்ளிகள். ஆக மொத்தம் 10 கோடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் வேண்டும். எனவே ஒரு சதுர கி.மீ. நிலத்திற்கு 30 கோடி பைட், அதாவது 300 மெகாபைட் ஆகிறது. நுண்மையை 5 செ.மீ. ஆக்கினால் இது நான்கு மடங்காகி 1,200 மெகாபைட்டை எட்டும். நுண்மை இரு மடங்கானால் செய்தி நான்கு மடங்காகும் என்பதை நினைவில் கொள்க.

நொடிக்கு 2 மெகாபிட் செல்லும் இணைப்பில் 300 மெகாபைட் வந்து சேர 1,200 நொடிகள், அதாவது 20 நிமிடங்கள் ஆகும். ‘கைப்பேசியில் வரைபடம் பார்ப்பவருக்கு முழுப் படமும் அனுப்பப்படுவதில்லையே’ என்று வாசகர் கேட்கலாம். உண்மைதான். திரையில் தெரியும் பகுதி மட்டும் 256-க்கு 256 புள்ளி கொண்ட சிறு சிறு சதுரங்களாக வெட்டி அனுப்பப்படுகிறது. ஆனால் ஒரு வரைபட வழங்கியிலிருந்து மற்றொரு வரைபட வழங்கிக்குச் செய்திகளை மாற்றும்போது இந்தச் சலுகை பல வேளைகளில் கிடைப்பதில்லை. மொத்தச் சுமையும் ஏறி இறங்க வேண்டும்.

வழங்கி என்பது சர்வர் என்று பரவலாக அழைக்கப்படும் கணிப்பொறியே. கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பது அதன் பணி. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘புவன்’ 2009 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அதனை நடத்துவது ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம். தமிழ்நாட்டிற்கெனத் தமிழ்நாடு புவியியல் தகவல் முறைமை உண்டு. பட்டாவையும் புலப்படத்தையும் இணையத்தில் பெறும் வசதி வருவாய்த்துறையில் உண்டு. இவ்வாறு பல இடங்களில் பல வழங்கிகள் இருக்கும்போது, ஒரே திரையில் செயற்கைக்கோள் படத்தை ஓரிடத்திலிருந்தும் புல எல்லையை வேறோரிடத்திலிருந்தும் பெற்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டலாம். வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு டபிள்யூ.எம்.எஸ்., டபிள்யூ.எஃப்.எஸ். போன்ற பொது நெறிகள் இருக்கின்றன. முன்னது படமாக அனுப்புவது. பின்னது எல்லைகளை எண்களாக அனுப்புவது.

படமாக அனுப்புவதற்கும் எண்களாக அனுப்புவதற்கும் எத்துணை வேறுபாடு என்பதை எஃப்.எம்.பி. என்று தாலுகா அலுவலகத்தில் வழங்கும் புலப்படத்தைக் கொண்டே அறியலாம். எட்டு மூலைகள் கொண்ட ஒரு புலத்தை எண்களாக எழுத 16 எண்கள் போதும். எண்ணுக்குப் பத்து எழுத்து என்றாலும் 160 பைட்தான். அதே புலத்தை ஏ-4 தாளில் வரைந்து, அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற அளவில் படமெடுத்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள் வரும். புள்ளிக்கு ஒரு பைட் என்றாலே 87 லட்சம் பைட். அக்காலத்து நில அளவையாளர் சங்கிலி பிடித்து, ஓர் அடிக்கோடு வரைந்து, அதிலிருந்து செங்குத்தாக ஒவ்வொரு எல்லைக் கல்லுக்கும் உள்ள தூரத்தை மட்டும் குறித்துக்கொண்டார். தேவையான எண்களை மட்டும் வைத்துக்கொள்வதே முதற்பெரும் சுருக்கம் என்பதை அவர் நடைமுறையில் அறிந்திருந்தார்.

சுருக்கம் என்றால் என்ன?

ஒரு செய்தியில் எதிர்பார்க்கக்கூடிய பகுதியும் உண்டு. எதிர்பாராத பகுதியும் உண்டு. எதிர்பாராத பகுதியே உண்மையான செய்தி. இதனைக் கணித வடிவில் நிறுவியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன், ஆண்டு 1948. ஒரு செய்தியை இழப்பின்றி எந்த எல்லை வரையில் சுருக்கலாம் என்பதற்கு அவர் தந்த வரம்பை எந்தச் சாமர்த்தியத்தாலும் தாண்ட இயலாது.

அந்த வரம்பை நெருங்கும் வழிகளுள் இரண்டு இன்று மிகப் பரவலாக வழங்குகின்றன. ஒன்று, அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீடும் அருகி வரும் எழுத்துக்கு நீண்ட குறியீடும் தருவது. டேவிட் ஹஃப்மன் 1952-இல் இதற்குச் சிறந்த முறையைக் கண்டார். மற்றொன்று, ஏற்கெனவே வந்த ஒரு தொடர் மீண்டும் வரும்போது அதை முழுவதும் எழுதாமல், ‘இத்தனை எழுத்துகளுக்கு முன்னால் பார், அங்கிருந்து இத்தனை எழுத்துகளை எடுத்துக்கொள்’ என்று மட்டும் குறிப்பது. இது ஜேக்கப் சிவ், ஆபிரகாம் லெம்பெல் ஆகிய இருவரும் 1977-இல் வெளியிட்ட முறை. இவ்விரண்டையும் இணைத்ததே இணையத்தில் இன்று பெருவழக்கிலுள்ள ‘ஜி-ஜிப்’ சுருக்கம். அது பின்னோக்கி 32,768 பைட் தூரம் வரை தேடும்.

இரண்டாவது முறை நமக்கு விந்தையாகத் தோன்ற வேண்டியதில்லை. பழைய கிரயப் பத்திரங்களில் ‘௸’ என்ற ஒரு குறி வருவதை வாசகர் கண்டிருப்பர். ‘மேற்படி’ என்பதற்கான குறி அது. ஊர்ப் பெயரையும் வட்டத்தின் பெயரையும் ஒருமுறை முழுவதும் எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் ‘௸ கிராமம்’, ‘௸ சர்வே நம்பர்’ என்று எழுதிச் சென்றார் நம் ஊர்ப் பத்திர எழுத்தர். சிவ், லெம்பெல் இருவரும் செய்தது இதனைக் கணிப்பொறி தானே செய்யும்படி முறைப்படுத்தியதுதான்.

வரைபடச் செய்தியில் இத்தகைய மேற்படிகள் ஏராளம். உத்திரமேரூர்ப் பெரிய ஏரியின் கரையை எண்களாக எழுதுவதாகக் கொள்வோம். கல்வெட்டுகள் ‘வைரமேக தடாகம்’ என்று குறிக்கும் ஏரி இது. கரையிலுள்ள எந்தப் புள்ளியை எடுத்தாலும் நெடுங்கோடு 79.7 என்றும் அகலக்கோடு 12.6 என்றும் தொடங்கும். ஆயிரக்கணக்கான முறை திரும்ப வரும் இவ்வெண்களை ஒவ்வொரு முறையும் முழுவதும் அனுப்புவது வீண்.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒருங்குறியின் வழக்கமான இணைய வடிவில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகிறது. ‘உத்திரமேரூர்’ என்ற பெயர் உயிரும் மெய்யும் குறிகளுமாக 12 குறிகள். ஆக 36 பைட். இப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 11 பைட்தான். இக்கணக்கைக் காட்டி, ‘தமிழில் பெயர் இட்டால் படம் கனத்துவிடும்’ என்று கூறுவோர் உண்டு. இவ்வாதம் அரைகுறையானது. தமிழ்க் குறி ஒவ்வொன்றிலும் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது பைட் 174 அல்லது 175 மட்டுமே. மூன்று பைட்டில், அதாவது 24 பிட்டில், உண்மையில் மாறக்கூடியவை 7 பிட்தான். மாறாத பகுதியைப் பெருமளவு சுருக்கம் விழுங்கிவிடும். எனவே சுருக்கம் இயங்கும் வழங்கியில் தமிழ்ப் பெயர் பெரிய சுமையன்று. சுருக்கம் இயங்காத வழங்கியில்தான் தமிழ் மூன்று மடங்கு கனக்கிறது. அங்கே குறை வழங்கியின் அமைப்பில் இருக்கிறது.

சுருக்கத்தால் தீராத நோய்

இங்கே ஒரு முக்கியமான குறையைச் சுட்ட வேண்டும். பல வரைபட வழங்கிகள் ஒரு புள்ளியின் நெடுங்கோட்டைப் பதின்மப் புள்ளிக்குப் பின் 15 இலக்கங்கள் வரை அனுப்புகின்றன. ஒரு பாகை என்பது தரையில் சுமார் 110 கி.மீ. ஆகும். அப்படியானால் ஆறாவது இலக்கம் 11 செ.மீ. தூரத்தையும், ஏழாவது இலக்கம் ஏறத்தாழ 1 செ.மீ. தூரத்தையும் குறிக்கும். பதினைந்தாவது இலக்கம் குறிப்பது ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதாவது ஓர் அணுவின் அளவு! ஏரிக்கரையின் இருப்பிடத்தை அணுவளவு துல்லியமாக அளந்தவர் எவருமில்லை. மழையில் கரைந்தும் மாடு மிதித்தும் மாறிக்கொண்டிருக்கும் ஒரு வரப்புக்கு அத்தகைய துல்லியம் பொருளற்றது. அளவுகோல் தராத இலக்கங்களை விடையில் எழுதக் கூடாது என்பது முதலாண்டு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர் கற்கும் முதற்பாடம். வரைபட வழங்கிகளிலோ கணிப்பொறி துப்பிய இலக்கங்கள் அனைத்தும் அப்படியே அனுப்பப்படுகின்றன.

‘சுருக்கம்தான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடலாமா? முடியாது. ஷானன் கூறிய வரம்பு இங்கே குறுக்கே நிற்கிறது. பொருளற்ற இலக்கங்கள் எந்த ஒழுங்குமின்றி வருவதால் அவை முற்றிலும் எதிர்பாராதவை. எதிர்பாராத ஓர் இலக்கத்திற்குக் குறைந்தது 3.32 பிட் வேண்டும். அதற்குக் கீழே எந்த முறையாலும் சுருக்க இயலாது.

ஏரிக்கரையை 2,000 புள்ளிகளால், அதாவது 4,000 எண்களால் குறிப்பதாகக் கொண்டு கணக்கிடுவோம். 15 இலக்கத்துடன் எழுதினால் இடைக்குறிகள் உட்படச் சுமார் 76,000 பைட் ஆகும். பொதுவான தொடக்கத்தை நீக்கி, எஞ்சிய 14 இலக்கங்களையும் வரம்பு வரை சுருக்கினாலும் சுமார் 23,000 பைட் எஞ்சும். ‘மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்கிவிட்டோம்’ என்று வழங்கியை நடத்துபவர் மகிழலாம். ஆனால் 6 இலக்கத்தோடு நிறுத்தியிருந்தால் சுருக்குவதற்கு முன்பே 40,000 பைட்தான். சுருக்கிய பின் சுமார் 8,000 பைட். முன்னதில் எஞ்சிய 23,000 பைட்டில் 15,000 பைட் அணுவளவை நோக்கிச் செல்லும் வெற்று இலக்கங்களே. சுருக்க விகிதத்தை மட்டும் சாதனையாகக் காட்டும் அறிக்கைகளை நாம் ஐயத்துடன் படிக்க வேண்டியதற்கு இதுவே காரணம். குப்பையை மூட்டை கட்டினாலும் அது குப்பைதான். எண்களை எழுதும் ‘ஜியோ-ஜேசன்’ வடிவத்திற்கு 2016-இல் வெளியான தரக்குறிப்பும், 6 இலக்கம் என்பது சுமார் 10 செ.மீ. அளவைத் தரும் என்று சுட்டிக்காட்டுகிறது. கொள்கையின் 5 செ.மீ. இலக்கிற்கு 7 இலக்கம் தாராளம்.

கேட்டால்தான் கிடைக்கும்

இனி வழங்கிக்கும் வழங்கிக்கும் இடையே நடப்பதைக் காண்போம். இணைய நெறியில் சுருக்கம் கட்டாயமன்று. அஃது ஓர் உடன்பாடு. கேட்கும் கணிப்பொறி தன் கோரிக்கையின் தலைப்பில் ‘அக்செப்ட்-என்கோடிங்’ என்ற வரியில், ‘எனக்கு ஜி-ஜிப் புரியும்’ என்று தெரிவிக்க வேண்டும். கொடுக்கும் கணிப்பொறி அதை ஏற்றுச் சுருக்கினால், விடையின் தலைப்பில் ‘கன்டென்ட்-என்கோடிங்’ என்ற வரியில், ‘ஜி-ஜிப் முறையில் சுருக்கியிருக்கிறேன்’ என்று தெரிவிக்கும். கேட்பவர் வாய் திறக்காவிட்டால் கொடுப்பவர் பொதுவாகச் சுருக்காமலே அனுப்புவார்.

நாம் பயன்படுத்தும் உலாவிகள் இதனைத் தவறாமல் கேட்கின்றன. ஆனால் நம் உலாவி பேசுவது இறுதி வழங்கியுடன் மட்டுமே. அந்த இறுதி வழங்கி தனக்குப் பின்னாலுள்ள வேறொரு வழங்கியிடமிருந்து எல்லைகளைப் பெறும்போது, அங்கே அதுவே கேட்பவராகிறது. அது சுருக்கம் கேட்டதா? பலரும் ஆராயாமல் விடும் இடம் இதுதான். எடுத்துக்காட்டாக, உலகெங்கும் வழங்கும் ‘ஜியோசர்வர்’ என்ற கட்டற்ற மென்பொருளில், மற்றொரு வழங்கியிலிருந்து எல்லை விவரங்களைப் பெறும்போது ஜி-ஜிப் கேட்க வேண்டுமா என்பதற்குத் தனியே ஓர் அமைப்பு உண்டு. உலாவியில் சோதித்து, ‘சுருக்கம் இயங்குகிறது’ என்று குறித்துவிட்டால், கடைசி ஒரு கல் தொலைவை மட்டும் பார்த்ததாகும். அதற்கு முந்தைய நெடுவழியைப் பார்த்ததாகாது.

வேறு குறைகளும் நேரலாம். இடையில் நிற்கும் ஒரு கணிப்பொறி, சுருக்கிய செய்தியை அனுப்பிவிட்டு, ‘சுருக்கப்பட்டது’ என்ற தலைப்பு வரியை மட்டும் உதிர்த்துவிடலாம். பெறுபவருக்கு அப்போது வரைபடத்திற்குப் பதில் பொருளற்ற எழுத்துக் குவியலே தெரியும். முன்பு ஒருவருக்குச் சுருக்கி அனுப்பியதைச் சேமித்து வைத்து, சுருக்கம் புரியாத இன்னொருவருக்கு அதையே கொடுத்துவிடுவதும் நேரக்கூடியதே.

‘நாலாம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறை அலைபேசிகள் வந்துவிட்ட இந்நாளில் இத்தனை சிக்கனம் ஏன்?’ என்பாரும் உளர். அவர்களுக்கு 2015 டிசம்பரை நினைவூட்டலாம். சென்னையிலும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலும் வெள்ளம் சூழ்ந்தபோது அலைபேசித் தொடர்பு பல இடங்களில் அறுந்தது; எஞ்சிய இடங்களில் நைந்தது. எந்தச் சாலை மூழ்கியது, எந்த ஏரி நிரம்பியது என்று காட்டும் படம் மிக வேண்டியிருந்த வேளையும் அதுவே. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கும் நாளில், ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிய செய்தி அதே இணைப்பில் ஐந்து மடங்கு மக்களுக்குப் போய்ச் சேரும். நல்ல நாளில் வேகமாக இருப்பது மட்டும் ஒரு பொதுப்பணியின் அளவுகோல் ஆகாது.

சரிபார்ப்பதற்கு ஒரு மரபு உண்டு

லாம்டன் பரங்கிமலையில் ஓர் அடிக்கோட்டை அளந்ததோடு நிற்கவில்லை. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே சென்று, 1804-இல் பெங்களூரில் மற்றொரு கோட்டை நேரடியாக அளந்தார். முக்கோணங்களின் வழியாகக் கணக்கிட்ட நீளமும் தரையில் அளந்த நீளமும் சில அங்குல வேறுபாட்டிற்குள் ஒத்திருந்தன. இடைவழி முழுவதும் பிழையின்றி இருந்தது என்பதற்கு மறுமுனையில் செய்த அளவே சான்றாயிற்று.

இதற்கும் முந்தைய சான்று உத்திரமேரூரிலேயே கல்லில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பலரும் தேர்தல் முறைக்காகப் போற்றுகின்றனர். அதிலுள்ள சரிபார்ப்பு முறையைக் கவனிப்போர் குறைவு. குடத்திலிருந்து சிறுவன் எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பெயரை, அங்கிருந்த நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். வேறு ஓலை மறைத்து மாற்றப்படவில்லை என்பதும், வாசித்தது சரி என்பதும் அங்கேயே எல்லார் முன்னிலையிலும் உறுதியாயின. அனுப்பியது ஒன்று, பெற்றது வேறொன்று என்ற நிலை வராதபடி காக்கும் விதி இது.

சுருக்கிய செய்திக்கு இத்தகைய காவல் மிகுதியாக வேண்டும். பத்திரத்தின் முதல் பக்கம் கிழிந்துபோனால் பின்னால் வரும் ‘௸’ எல்லாம் பொருளிழக்கும் அல்லவா? அதுபோலவே, சுருக்கிய செய்தியில் ஒரு பைட் பழுதானால் அதற்குப் பின்வரும் பகுதி முழுவதும் குலையக்கூடும். இதனால்தான் ஜி-ஜிப் வடிவத்தின் இறுதி எட்டு பைட்டில் இரண்டு சான்றுகள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று, சி.ஆர்.சி. எனப்படும் வகுத்தல் மீதி. செய்தி முழுவதையும் ஒரு பெரிய எண்ணைப் போலக் கொண்டு, குறிப்பிட்ட ஒரு வகுத்தியால் வகுத்துக் கிடைக்கும் 32 பிட் மீதி அது. இம்முறை வெஸ்லி பீட்டர்சன் 1961-இல் விளக்கியது. மற்றொன்று, சுருக்குவதற்கு முன்னிருந்த நீளம். விரித்தபின் மீண்டும் வகுத்துப் பார்த்து மீதி ஒத்தால் செய்தி பழுதின்றி வந்தது எனக் கொள்ளலாம். தாறுமாறாக நேர்ந்த பழுதொன்று இக்காவலைத் தப்பும் வாய்ப்பு சுமார் 429 கோடியில் ஒன்று. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. வழியில் பழுது நேரவில்லை என்பதை மட்டுமே இச்சான்று கூறும். மூலத்திலேயே வரப்பு தவறாக வரையப்பட்டிருந்தால், அத்தவறும் பழுதின்றி வந்து சேரும்.

கணிப்பொறி ஆய்வுக்கூடம் உள்ள கல்லூரி மாணவர்கள் இச்சரிபார்ப்பைத் தாமே செய்து பார்க்கலாம். பொதுமக்களுக்குத் திறந்துள்ள ஏதேனும் ஒரு வரைபடச் சேவையை எடுத்துக்கொள்க. ‘கர்ல்’ என்ற இலவச மென்பொருளால் ஒரே கோரிக்கையைச் சுருக்கம் கேட்டு ஒரு முறையும், கேட்காமல் ஒரு முறையும் அனுப்புக. முதலாவதாக, விடையின் தலைப்பில் ‘கன்டென்ட்-என்கோடிங்’ வரி வருகிறதா என்று காண்க. இரண்டாவதாக, வந்த பைட்களை எண்ணி இரண்டையும் ஒப்பிடுக. சுருக்கியதில் முதல் இரண்டு பைட் 31, 139 என்று இருந்தால் அது ஜி-ஜிப்தான். மூன்றாவதாக, சுருக்கியதை விரித்து, சுருக்காததோடு பைட் பைட்டாக ஒப்பிடுக. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். விடையில் நேரமுத்திரை போன்ற வரிகள் இருந்தால் அவை மட்டும் மாறலாம். இம்மூன்றையும் நிறைவேற்றிய பின்னரே ‘சுருக்கம் இயங்குகிறது’ என்று எழுத வேண்டும். வழங்கிக்கும் வழங்கிக்கும் இடையிலான வழியை வெளியிலிருந்து சோதிக்க இயலாது. அங்கே இதே சோதனையை நடுவிலுள்ள வழங்கியின் கணிப்பொறியிலிருந்து அதன் பொறுப்பாளரே செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் சுருக்கலாமா?

நடுநிலை நோக்கில் மறுபக்கத்தையும் கூற வேண்டும். சுருக்கம் எங்கும் நன்மை தருவதன்று. ஜேபெக், பி.என்.ஜி. வடிவப் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றை ஜி-ஜிப் இட்டால் உழைப்பு வீணாவதோடு, அளவு சில பைட் கூடவும் செய்யும். ஒரே கட்டடத்தில் நொடிக்கு 1,000 மெகாபிட் செல்லும் கம்பியால் இணைந்த இரு வழங்கிகளுக்கிடையே 8 மெகாபைட் செல்ல 0.064 நொடிதான் ஆகும். அதைச் சுருக்குவதற்கே அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கலாம். அதே 8 மெகாபைட் நொடிக்கு 2 மெகாபிட் வழியில் செல்ல 32 நொடிகள். ஐந்தில் ஒன்றாகச் சுருக்கினால் 6.4 நொடி. ஆகவே வழியின் வேகமே சுருக்கத்தின் தேவையை முடிவு செய்கிறது. தலைநகரின் வேகமான வழியில் சோதித்து, ‘சுருக்கத்தால் பயனில்லை’ என்று முடிவு கட்டி அமைப்பை அணைத்துவிட்டால், அதன் விலையைக் கொடுப்பவர் கிராமத்தில் இருப்பவர்.

இழப்புள்ள சுருக்கம், இழப்பில்லாச் சுருக்கம் என்ற வேறுபாடும் முக்கியமானது. ஜேபெக் முறை கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைக் கைவிடுகிறது. செயற்கைக்கோள் படத்தில் ஒரு தோப்பின் பச்சை சற்று மங்கினால் குற்றமில்லை. ஆனால் புல எல்லைக் கோட்டையும் சர்வே எண்ணையும் அதே முறையில் அழுத்தினால் கோட்டின் ஓரம் கறை படிந்து, 3 என்பது 8 போலத் தோன்றக்கூடும். எல்லையிலுள்ள மூலைகளுள் சிலவற்றை விட்டுவிட்டுக் கோட்டை எளிதாக்கும் முறையும் உண்டு. அடுத்தடுத்த இரு புலங்களைத் தனித்தனியே இவ்வாறு எளிதாக்கினால், இரண்டுக்கும் நடுவே யாருக்கும் உரியதல்லாத ஒரு கீற்று முளைக்கும். அல்லது ஒரே கீற்று இருவருக்கும் உரியதாகத் தெரியும். வரப்பு ஓரடி தள்ளியதற்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறும் நாடு இது. உரிமையைக் காட்டும் கோட்டிற்கு இழப்பில்லாச் சுருக்கம் மட்டுமே பொருந்தும்.

என்ன செய்யலாம்?

தேசியப் புவிசார் கொள்கை நிலத்தைச் செ.மீ. அளவில் அறிய விழைகிறது. அவ்விழைவில் குறையில்லை. அதனுடன் நான்கு செய்திகளையும் ஒவ்வொரு பொது வரைபட வழங்கியும் வெளியிட வேண்டும் என்று விதித்தால் அக்கொள்கை முழுமை பெறும். ஒரு கிராமத்தின் படம் சுருக்கத்துடனும் சுருக்கமின்றியும் எத்தனை பைட் என்பது முதலாவது. நொடிக்கு 2 மெகாபிட் வழியில் அது எத்தனை நொடியில் வருகிறது என்பது இரண்டாவது. எண்கள் எத்தனை இலக்கம் வரை பொருளுடையவை என்பது மூன்றாவது. வழங்கிகளுக்கு இடையிலான வழி உட்பட, சுருக்கம் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாள் நான்காவது. இவற்றுக்குப் புதிய செயற்கைக்கோளோ புதிய கருவியோ வேண்டியதில்லை. இருக்கும் வழங்கியில் ஓர் அமைப்பை இயக்கி, ஓர் அட்டவணையை ஒட்டினால் போதும்.

இவ்வட்டவணை வெளிவரும் வரையில் நம் மாணவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. தத்தம் ஊரின் புலப்படத்தையும் ஏரிப் படத்தையும் இணையத்தில் திறந்து, வந்த பைட்டையும் பிடித்த நேரத்தையும் குறித்து, மேலே கூறிய சோதனைகளையும் செய்து பார்க்கட்டும். பல ஊர்களின் குறிப்புகள் சேர்ந்தால், வரைபடம் எங்கே வந்து சேர்கிறது, எங்கே வழியில் நின்றுவிடுகிறது என்பதற்கு ஒரு வரைபடம் கிடைத்துவிடும்.